பதினாலுக்குப் பதினாலு

அன்பு மகன் ரிஃபாஸுக்கு, வாப்பா சொல்லச் சொல்ல உன் ராத்தா மர்ளியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் வீட்டில் எல்லோருக்கும் சுகம், எனக்கு மட்டும் படுத்தால் மூச்சு முட்டுகிறது. போனில் பேசினால் இருமல் பாதியில் மறித்துவிடும், அதனால்தான் எழுதச் சொன்னேன். கட்டார் வெயிலில் நேரத்துக்குத் தண்ணீர் குடி.

தலைமன்னாரைப் புயல் அடித்துப் போட்ட வருஷம், அதற்கு இரண்டு மாதம் முந்தி ஜப்பானில் நடந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக வொலிபோலையும் சேர்த்தார்கள். ஆண்களில் ரஷ்யா முதலாவது, ஜப்பான் மூன்றாவது என்று ரேடியோவில் கேட்டதும் நம்ம ஊர்க் கண்டக்குழிப் பொடியன்மார் நாங்கள் ஆறு பேர் ஜப்பான் என்று பெயர் வைத்துக்கொண்டோம். சிலாபத்திலிருந்து வந்து இங்கே கரையில் வாடிக் கொட்டில் போட்டு மீன் பிடித்த வேதக்காரப் பொடியன்மார் ஆறு பேர் ரஷ்யா. கிழிந்த மீன் வலையைக் கட்டி மணலில் ஆடினோம். அப்போதெல்லாம் சேர்விஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பொயின்ட், ஆட்டம் இலேசில் முடியாது. கடைசி செட் பதினாலுக்குப் பதினாலு, சேர்விஸ் ரஷ்யாப் பக்கத்துப் பஸ்தியான் கையில், மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டது. தொழுதிட்டு வாங்க நானா, பந்தோட இங்கதான் நிக்கிறன், பயந்து ஓடிப் போயிராதீங்க என்று சிரித்தான். நாங்கள் வரும்போது இருட்டிவிட்டது, நாளைக்கு என்று பிரிந்தோம். விடிய இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டு பேர் வள்ளத்தில் வடக்கே தலைமன்னார்ப் பக்கம் போனார்கள், அந்தப் புயல் வந்தது, ஒருத்தரும் திரும்பவில்லை. அந்த ஆட்டத்தை முடிப்போம் என்று பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

பஸ்தியான் மட்டும் சீசனுக்குச் சீசன் வருவான். ம்யூனிக்கில் ஜப்பான் வென்ற வருஷம் ஒரு பாரைமீனைக் கொண்டுவந்து போட்டு, உங்கட ஆக்கள் வென்றிட்டாங்க நானா, எங்கட ஆட்டம் அப்படியே நிக்குது என்றான். பிறகு போலந்து, அமெரிக்கா, இத்தாலி, பிரேசில் என்று கிண்ணம் கைமாறிக்கொண்டே போனது, அந்தப் பெரிய ரஷ்யாவே உடைந்தது, யார் சேர்விஸ் போட்டாலும் பொயின்ட் என்று சட்டத்தையும் மாற்றினார்கள். எங்கள் இருவருக்குள் ஒன்றும் மாறவில்லை.

போன மாதம் பிலிப்பைன்ஸில் இத்தாலி வென்றது என்று நீ சொன்னாயே, அதை பஸ்தியானும் சிலாபத்தில் டிவியில் பார்த்தானாம். பக்கவாதம் வந்து அவனுக்குப் பேச்சு நின்று போய்க் கிடக்கிறது. அன்றிலிருந்து அசைகிற ஒரு கையின் ஐந்து விரலையும் இரண்டு தரம் விரித்துக் காட்டுகிறானாம், பிறகு நாலு விரல். திகதி கேட்கிறார் என்று கலண்டரைக் காட்டினோம், இல்லை என்று தலையாட்டுகிறார், என்ன கேட்கிறாரோ தெரியவில்லை என்று அவன் மகன் நிலுக்சன் போனில் அழுதான். எனக்குக் கேட்டவுடன் விளங்கிவிட்டது. அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் அப்படிக் காட்ட வேண்டும் மகன், வேறொன்றும் இல்லை.

இந்த மூச்சோட சிலாபம் மட்டும் எப்படிப் போற வாப்பா, வழியில ஏதும் நடந்தா ரிஃபாஸுக்கு நான் என்ன பதில் சொல்ற என்று மர்ளியா மறிக்கிறாள். அதையும் எழுது என்றேன், பேனாவை அழுத்தி எழுதுகிறாள். அவன் மௌத்தானால் வேன் பிடித்து நீங்களே கூட்டிப் போவீர்கள். உயிரோடு பார்க்கத்தான் கேட்கிறேன். நீ ஓம் என்றால் அவள் விடுவாள்.

உன் உழைப்பில் அல்லாஹ் பரகத் செய்வானாக. தொழுகையை விடாதே. வெள்ளிக்கிழமைக்கு முந்தி ராத்தாவுக்குப் போன் எடு, மறந்துவிடாதே. அந்தப் பக்கத்து ஆறு பேரில் இப்போது உயிரோடு அவன் ஒருத்தன்தான். வலைக்கு இந்தப் பக்கம் அவனுக்கு விரல் காட்ட மிஞ்சி இருப்பது

உன் வாப்பா
முத்தலிபு