ஒரு வாரம் தாங்கும் கருப்பு

நாளைக்கு எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. ஷூ இரவல். பாலிஷ் மட்டும் சொந்தம். அலமாரியின் அடியில் கிடந்த பழைய டப்பா. மூடியைத் திருகினேன். அந்த வாசனை வந்தது. ஷூவைக் கீழே வைத்துவிட்டு விடுதி அறையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களுக்கு இது காலணியின் வாசனை. எனக்கு உன் வண்டி.

நம் ஊர் பென்னலூரில் அதுவரை எல்லா வண்டியும் இரும்பு. ஜப்பான் இன்ஜின் வைத்த புது வண்டியை முதலில் கொண்டுவந்தவன் நீ. முன் மட்கார்டு, செயின் கவர், மீட்டரைச் சுற்றிய மூடி, எல்லாம் கன்னங்கரேலென்று பிளாஸ்டிக். நகத்தால் தட்டிக் காட்டினாய்.

"துருவே புடிக்காதுடா. பாத்துக்கினே இரு."

வெயிலைப் பற்றி நீயும் யோசிக்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை.

கம்பெனியில் உனக்கு ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. நீ ஓட்டுவாய். பின்னால் நான், மடியில் ஏதாவது ஒரு புத்தகம். காற்றுக்கு மேல் கத்துவாய்: "இன்னாடா படிக்கிற அதுல? ஒருத்தனும் சிரிக்கவே மாட்டேன்றான்!" நான் பதில் சொல்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். வேண்டுமென்றே இறக்குவாய்.

பிறகு உன் ரத்தத்தில் ஏதோ. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில். மாலை வகுப்பு முடிந்ததும் நான் வருவேன். வண்டி ஊரில், உன் வீட்டு வாசலில், நீ கடைசியாக நிறுத்திய இடத்திலேயே நின்றது. கோடை முழுவதும். மாட்டுக் கொட்டகையில் நிழல் இருந்தது. உன் அம்மா அங்கே தள்ள விடவில்லை.

"ரோட்டுல போறவங்களுக்குத் தெரியட்டும், எம்புள்ள வண்டி வாசல்ல நிக்குதுன்னு. உள்ள வச்சா இன்னான்னு நெனப்பாங்கோ?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தபோது அம்மாவே சொன்னாள். "தெனமும் வண்டியக் கழுவறேன்டா. தூசி போவவே மாட்டேங்குது. தேய்க்கத் தேய்க்க வெள்ள வெள்ளையா வருது."

"எதப் போட்டுத் தேய்க்கிற?" என்றாய்.

"சாம்பலும் தேங்கா நாரும். வேற எதுல தேய்ப்பாங்க?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். வெளுத்ததைத் தூசி என்று நினைத்துவிட்டாள். சோற்றுப் பானையைத் துலக்குவதுபோல் துலக்கியிருக்கிறாள், நீ வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டுமென்று. வெயில் விட்டுவைத்ததை நார் எடுத்துவிட்டது. அம்மா போன பிறகு சொன்னாய்: "நான் வர்றதுக்குள்ள கருப்பாக்கி வைடா. வெளுத்த வண்டில ஏற மாட்டேன்."

அடுத்த வாரம் டாக்டர் எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. பிடிச்சதையெல்லாம் சாப்பிடட்டும்." வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பத்தியமே இல்லன்னுட்டாரு! பாத்தியா, சரியாப் போச்சி!" அவள் அறிந்த வைத்தியத்தில் பத்தியம் முடிந்தால் நோய் முடிந்தது. நான் தலையாட்டினேன். அந்தத் தாழ்வாரத்தை இன்றும் கடந்து வர முடியவில்லை.

நீ வருவதற்கு முந்தைய நாள் ஊருக்கு வந்தேன். வண்டி சாம்பல் நிறத்தில் நின்றது, தோல் உரிந்த ஏதோ ஒரு விலங்குபோல. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஈரம் இருக்கும்வரை கருப்பு. தேங்காய் எண்ணெய் தடவினேன். தெருப் புழுதி முழுக்க வந்து ஒட்டியது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "இரும்புன்னா இன்னா பண்றதுன்னு தெரியும் சார். இது புதுசா கீது. நெருப்பு காட்டுனா கருப்பு ஏறும்ன்றாங்க. நான் காட்டுனதில்ல." காகிதத்தைக் கொளுத்திச் செயின் கவரின் ஓரத்தில் காட்டினேன். ஒரு விரல் அகலம், உண்மையான கருப்பு, கடையிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல. அடுத்த நொடி கொப்புளித்தது. ஊதி அணைத்தேன்.

மிஞ்சியது இந்தப் பாலிஷ் டப்பாதான். துணியில் எடுத்துத் தேய்த்துத் தேய்த்து, பொழுது சாய்வதற்குள் முழு வண்டியும் கருப்பாயிற்று.

அம்மா கன்னத்தில் கை வைத்தாள். "இன்னா மாயம்டா பண்ண!"

மறுநாள் நீ வாடகைக் காரில் வந்து இறங்கினாய். அம்மா ஆரத்தி எடுத்தாள். உனக்கு வைத்த பொட்டையே வண்டியின் விளக்குக்கும் வைத்தாள். வண்டியில் உட்கார வேண்டும் என்றாய். நானும் கார் டிரைவரும் உன்னைத் தூக்கி உட்கார வைத்தோம். உன் எடை என் கையில் இல்லவே இல்லை. நான் உதைத்துக் கிளப்பினேன். ஸ்டாண்டில் நின்றபடியே இன்ஜின் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டாய். நீ எந்தச் சாலையில் போனாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இறங்குவதற்கு முன் மீட்டர் மூடியில் கட்டைவிரலை ஓட்டினாய். விரல் கருத்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாய்.

"டேய். செருப்புக்குப் போடறதா?"

"ம்."

"எம்.ஏ. படிச்சவன் பண்ற வேலையா இது?" சிரிப்பு இருமலாகி, அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். அவள் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாய்.

"ஒரு வாரம் தாங்குமில்ல?"

"தாங்கும்."

"போதும்."

நீ வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். உனக்குத் தெரிந்திருந்தது.

பாலிஷ் தாங்கியது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் வண்டி கருப்பாகத்தான் நின்றது.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமலிருப்பதுதான் நடந்துகொண்டிருக்கிறது. வண்டி இன்னும் அதே இடத்தில். அம்மா சாம்பலும் நாரும் எடுத்துத் தேய்க்கிறாள். அது வெளுக்கிறது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கருப்படிக்கிறேன். திரும்ப வருவதற்குள் அதையும் தேய்த்து எடுத்துவிடுகிறாள். போன முறை கோபித்துக்கொண்டாள்: "நீ தடவறதுல தூசி ஒட்டுதுடா. அவனுக்குப் புடிக்காது."

பிடிக்காது என்றாள். நிகழ்காலம் போலவே சொன்னாள். என் புத்தகங்களில் இதற்கு ஒரு வரி இருக்குமென்று தேடினேன். நீ சொன்னது சரி, அவற்றில் ஒருவனும் சிரிப்பதில்லை. அழுவதுமில்லை.

ஷூவை ஒருவழியாக முடித்துவிட்டேன். கட்டைவிரல் நகத்துக்குள் கருப்பு ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டேன், போகவில்லை. அம்மா தேய்க்கும் சாம்பலுக்கும் நாருக்கும் போகும்.

அவளிடம் கேட்கமாட்டேன். இந்தக் கருப்பு இருக்கட்டும்.