மூன்று ராணிகளைக் கவிழ்த்த புதன்கிழமை

கார்டீனா, கலிபோர்னியா
12 அக்டோபர் 1967, வியாழன்

அன்புள்ள ஹேசலுக்கு,

மேவிஸ் எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் பொய், நீ சுகமா என்று கேட்டால் அசட்டுத்தனம். இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. வலது கை எழும்பவில்லை என்று உன் மகள் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து போனில் சொன்ன பிறகு பதிலை எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனாலும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். லினெட் இன்னொன்றும் சொன்னாள். "அம்மாவுக்கு எல்லாம் புரியுது ஆன்ட்டி, பேச்சுதான் வரல. உங்க லெட்டரை வாசிச்சா மட்டும் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிறாங்க" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உனக்கு என்மேல் கோபமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்த எடுப்பில் அதை எழுத வரவில்லை, முதலில் நம் சீட்டாட்ட கிளப் சமாச்சாரம் சொல்கிறேன்.

கிளப்பில் செர்ரிப் பழம் வைத்துச் சுடுகிற பை பலகாரத்தின் விலையை ஏற்றிவிட்டார்கள், துண்டோ சின்னதாகிவிட்டது. அந்தச் சின்னத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிளப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நம் மேஜைக்குக் கஸ் இன்னும் மீன் நாற்றத்தோடுதான் வருகிறார். படகை விற்று ஆறு வருஷம் ஆகிறது, நாற்றத்தை மட்டும் யாருக்கும் விற்கவில்லை. மோரிடா தன் நாற்றுப் பண்ணையிலிருந்து உனக்கென்று ஒரு தொட்டிச் செடி கொண்டுவந்து கொடுத்தார். பெயர் சொன்னார், மறந்துவிட்டேன். என் ஜன்னலில் இருக்கிறது, செத்துப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நாற்காலியில் என் கைப்பையை வைக்கிறேன். கைப்பைக்கு இடம் கிடையாது என்று மேற்பார்வையாளர் சண்டைக்கு வந்தார். அரைமணிக்கொரு தரம் நாற்காலிக் காசு வாங்க வருகிற பெண்ணிடம் கைப்பைக்கும் சேர்த்துக் கொடுத்தேன், மேற்பார்வையாளர் வந்த வழியே திரும்பிப் போனார்.

சீட்டு மட்டும் இன்னும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான். நேற்று நான்கு மணிநேரம் உட்கார்ந்ததில் ஆட்டத்தைத் திறக்கக் குறைந்தது வேண்டிய ஒரு ஜாக்கி ஜோடிகூட வரவில்லை. ஏழு, நாலு, ஒன்பது, ரெண்டு என்று யாரோ ஒருத்தர் வீட்டு நம்பர் மாதிரி வருகிறது. எடுக்கிறேன், பார்க்கிறேன், கவிழ்த்துப் போடுகிறேன். எத்தனை சீட்டு மாற்ற வேண்டும் என்று கேட்கும்போது, ஒன்றும் வேண்டாம், இந்த ஐந்தே போதும் என்று விரலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவோமே, அந்த ஒரு தட்டைத் தட்டி எத்தனை வாரமாகிறது தெரியுமா? "என்ன மேவிஸ், ஜெபம் பண்ண வந்தியா, சீட்டாட வந்தியா?" என்று கஸ் கேட்கிறார்.

மேஜையில் இடம் காலியாகி என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள், போய் நாற்பது நிமிஷம் ஆடிவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை. செர்ரித் துண்டு ஆறிப்போய்விட்டது. இனி தள்ளிப்போட முடியாது.

லினெட், இதை நீதான் அம்மாவுக்குச் சத்தமாக வாசிக்கப் போகிறாய். உனக்குச் சீட்டாட்டம் பிடிக்காது, எங்களைச் சூதாட்டக் கிழவிகள் என்று சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை. நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை வாசி. பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

ஹேசல், அந்த ஆகஸ்ட் மாதக் கடைசிப் புதன்கிழமையைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குச் சீட்டு வராமல் பதினேழாவது நாள். ஆனாலும் ஒரு முணுமுணுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த மேஜையிலேயே பொறுமைசாலி மேவிஸ்தான் என்று பெயர் வாங்கியவள் இல்லையா நான். பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு மூன்று ராணிகள் வந்தன. முதல் பந்தயம் கட்டி ஆட்டத்தைத் திறந்து, காசுக்குப் பதிலான வில்லைகளைப் போட்டேன். அடுத்தது நீ.

நீ சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு சீட்டு நழுவித் தரையில் விழுந்தது. நீ குனியவில்லை. உன் வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அது என் பக்கம், ஹேசல். அந்த வலது கை என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்த கை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை.

லினெட்டுக்குச் சொல்கிறேன். நல்ல சீட்டு வந்தால் உன் அம்மா துக்க வீட்டுக்கு வந்தவள் போல முகத்தை வைத்துக்கொள்வாள். பெருமூச்சு விடுவாள், கைக்குட்டையைத் தவறவிடுவாள். பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாடகத்தை வரிவரியாகப் படித்தவள் நான். அன்றைக்கும் அதைத்தான் படித்தேன். பதினேழு நாளாக அடக்கி வைத்தது எல்லாம் வாயில் வந்துவிட்டது. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

"நாடகத்தை நிறுத்துடி. ஆடணும்னா காசைப் போடு, இல்லேன்னா சீட்டைக் கீழ வை."

அதுதான் நான் சொன்னது. மேஜையே சிரித்தது. நீ என்னைப் பார்த்து ஏதோ சொன்னாய், அது குழறலாக வந்தது. அதைப் போலவே நானும் குழறிக் காட்டினேன். மறுபடியும் சிரித்தார்கள்.

அப்போது உன் கை வில்லைக் குவியல் மேல் விழுந்து, பாதியை நடுவில் தள்ளியது. நீ பந்தயத்தை ஏற்றுகிறாய் என்று எல்லோரும் நினைத்தோம். ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். உன்னிடம் அதைவிடப் பெரிய சீட்டு இருக்கிறது என்று நம்பி நானும் என் மூன்று ராணிகளைக் கவிழ்த்தேன். ஆட்டத்தைத் திறந்தவள் எதை வைத்துத் திறந்தாள் என்று காட்ட வேண்டும் இல்லையா, அதனால் ராணிகளைத் திருப்பி வைத்து, "பாத்துக்கோங்க, பொறுமைன்னா இதுதான்" என்றேன். கஸ் கை தட்டினார். நான் பெருமையாகக் காபி குடித்தேன்.

ஜெயித்த வில்லைகள் நடுவில் அப்படியே கிடந்தன. நீ எடுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஜெயித்ததை அரை நிமிஷம் கிடக்கவிட்டவள் இல்லை நீ. அதைப் பார்த்துத்தான் மோரிடா எழுந்தார். நான் இல்லை, மோரிடா. எனக்கு அப்போதும் புரியவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண அவர் ஓடும்போது நான் குனிந்து நீ தவறவிட்ட சீட்டை எடுத்தேன். கிளாவர் நாலு. மேஜையில் கிடந்த உன் மற்ற நாலு சீட்டையும் திருப்பிப் பார்த்தேன், உன்னிடம் ஒன்றுமே இல்லை. என்னிடம் எதை மறைக்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நீ எதையும் மறைக்கவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். அந்த நாலைந்து நிமிஷத்தால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்றார். அவர் நல்ல மனிதர், யாருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்கு நிமிஷக் கணக்கு முக்கியமில்லை. உனக்குப் பக்கவாதம் வந்துகொண்டிருந்தபோது கடைசியாக உன் காதில் விழுந்தது என் கேலி. அதை நினைத்தால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. உனக்கு அந்த நாள் நினைவில் இல்லையென்றால், இப்போது நானே ஞாபகப்படுத்தித் தொலைத்தேன். அதற்காகச் சொல்லாமல் இருக்க என்னால் ஆகவில்லை. முதல் இரண்டு கடிதத்திலும் மழையைப் பற்றியும் பூனையைப் பற்றியும் எழுதினேன், வெட்கமாக இருக்கிறது.

நீ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது கோபத்தாலா, அழுகையாலா, கழுத்து வலியாலா? பதினோரு வருஷம் உன் முகத்தைப் படித்த கர்வம் எனக்குப் போய்விட்டது. ஊகிக்க மாட்டேன், உன்னையே கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போன் பண்ணுகிறேன். லினெட், ரிசீவரை அம்மாவின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நீ வெளியே போய்விடு, கண்ணு. ஹேசல், நீ பேச வேண்டாம். மேஜையில் கேட்பது போல, எத்தனை சீட்டு மாற்றுகிறாய் என்று கேட்பேன். கையில் இருக்கிற இந்தக் கிழட்டுச் சீட்டே போதும், மாற்ற வேண்டாம் என்று தோன்றினால் விரலால் ஒரு தட்டுத் தட்டு. நான் அடுத்த பஸ்ஸில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வந்துவிடுகிறேன், செடியையும் தூக்கிக்கொண்டு.

உடனே தட்ட வேண்டும் என்பதில்லை. வெளியூர்ப் போன் காசு எவ்வளவு ஆனாலும் ஆகட்டும், நான் லைனில் இருப்பேன். நன்றாக யோசித்து ஆடு, ஹேசல். இந்தத் தடவை உன்னை அவசரப்படுத்த மாட்டேன்.

உன் வலப்பக்கத்து நாற்காலிக்காரி,
மேவிஸ்