ஒற்றன் குளித்த அருவி

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சுவரில் உம்மை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நீர் கண்ணை மூடிய மறுநாள் காலையில் பால் வாங்கப் போனவன், மைதாப் பசை வாடை வந்ததும் நின்றுவிட்டேன். மயில்துத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டான் போல, மூக்கை அரித்தது. மாடு போஸ்டரைத் தின்றுவிடாமல் இருக்க அதைக் கலப்பார்கள். நாமே எத்தனை வாளி காய்ச்சியிருப்போம். முதலில் உம்முடைய நெற்றி வந்தது, அப்புறம் கண்ணாடி, கடைசியில் அந்தச் சிரிப்பு. அதற்குக் கீழே 'ஒற்றன் படங்களின் ஒப்பற்ற ஆய்வாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பால் வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பினேன். துக்கத்தில் என்று நினைத்துவிட வேண்டாம்.

போய்ச் சேர்ந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். பதினாறாம் நாள் விசேஷம் முடிகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டும் வந்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் ஊறவில்லை. வேறு சிலதுதான் ஊறுகிறது. அதை இனி உமக்கே எழுதிவிடுகிறேன், நீர் குறுக்கே பேச முடியாது அல்லவா.

எழுபதுகளின் நடுவில் நான் கோயில் வாசல் பக்கத்து அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். நீர் தியேட்டரில் மேனேஜருக்கு அடுத்த ஆள். இங்கிலீஷ் படம் வந்தால் மூன்று நாள்தான் ஓடும். படப்பெட்டி வருவதற்கு முந்தின நாளே நோட்டீஸ் அடித்தாக வேண்டும். அதில் தமிழில் கதைச் சுருக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனவனுக்கு யார் நல்லவன், யார் கெட்டவன் என்றே விளங்காது. மதுரையில் உம்முடைய அத்தை வீடு இருந்ததால் நீர் முன்னாலேயே படத்தைப் பார்த்துவிட்டு வருவீர். அச்சகத்து பெஞ்சில் உட்கார்ந்து பாதிக் கதை சொல்லுவீர். நான் அதைத் தமிழாக்கி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பேன். "கதை என்னது, தமிழ் உம்மது" என்பீர். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுதினதை ஜனங்கள் டீக்கடையில் சத்தமாக வாசித்தார்கள்.

அந்த ஒற்றன் படங்கள்தான் நம்மைச் சேர்த்துவைத்தவை. ஒரே ஒற்றனை வைத்து வருஷத்துக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று சீமையில் எடுத்துத் தள்ளினார்கள். நம் ஊருக்கு நாலைந்து வருஷம் கழித்து, மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிரிண்டாக வந்து சேரும். ஊருக்குப் பிடித்தவை சண்டையும் காரும் வெடியும் உள்ளவை. நமக்குப் பிடித்தவை அந்த வரிசையில் வழிதவறி வந்த கிறுக்குப் படங்கள். "ஒழுங்கா எடுத்த படத்துல பொழுது போவும் வே. கோணலா எடுத்த படந்தான் வீடு வரைக்கும் கூட வரும்" என்று ஒருநாள் சொன்னீர். அது மட்டும் உண்மை.

ஒன்றில் ஒற்றனுக்குக் காலில் மாவுக்கட்டு. படம் முழுக்கப் பனிமலை ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்தே கிடப்பான், துப்பாக்கி ஒரு தடவைகூட வெளியே வராது. இன்னொன்றில் ஒற்றனாக வேறொரு நடிகன். ஏன் ஆள் மாறியது என்று படத்தில் யாரும் சொல்லவில்லை. நம் ஜனங்கள் இவன் யாரோ எடுபிடி என்று நினைத்து, பழைய ஆள் வருவான் வருவான் என்று இடைவேளை வரை காத்திருந்தார்கள். மூன்றாவதில் முக்கால்வாசி நேரம் ஒரு சாப்பாட்டு மேசை. ஒற்றனும் வில்லனும் சூப் குடித்தபடி பேசிக்கொண்டே இருப்பார்கள். நாலாவதில் வில்லன் ஜெயித்துவிடுவான். ஒற்றன் குடையை விரித்துக்கொண்டு தெருவில் நடந்து போவான், படம் முடிந்துவிடும். கடைசி ரீலைப் போடவில்லை என்று சொல்லி ஜனங்கள் ஆபரேட்டர் அறைப் படிக்கட்டில் ஏறிவிட்டார்கள். ஆபரேட்டர் பயந்துபோய்ப் பழைய நியூஸ் ரீல் ஒன்றை ஓட்டினார். அதில் ஏதோ அணை திறந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

அப்புறம் வந்தது அந்த சீசன். சாரல் விழுந்து குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. மதுரை விநியோகஸ்தர் ஆபீஸிலிருந்து ஒருவர் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். தெற்கத்தி ஊர்களுக்கெல்லாம் நோட்டீஸ் எழுத ஓர் ஆள் வேண்டும், இந்தத் தென்காசித் தமிழ் நன்றாக இருக்கிறது, எழுதுகிறவரைப் பார்க்கிறேன் என்று. கடிதத்தை உம்மிடம்தான் முதலில் காட்டினேன். நீர் என் தோளைத் தட்டினீர். அந்தக் கை இன்னும் என் தோளில் எரிகிறது.

மறுநாள் புதுப்படத்துக்குக் கதை சொன்னீர். ஒற்றன் ஒருவனைக் கொல்ல மலையூர் ஒன்றுக்கு வருகிறான், அங்கே மழை விடுவதே இல்லை. தினமும் அருவியில் குளிக்கிறான். ஒவ்வொரு குளியலிலும் ஒன்றை மறக்கிறான். முதலில் தன் ஊர், அப்புறம் தன் பெயர். கடைசியில் யாரைக் கொல்ல வந்தோம் என்பதும் மறந்துபோகிறது. பாதியில் நிறுத்தினீர், நோட்டீஸுக்கு அது போதும் என்று. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள்கூட வந்தார்கள் உம்முடைய கதையில். வேறு ஊர்க்காரனாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். நான் தென்காசிக்காரன். வெள்ளைக்காரன் படத்திலும் நம் அருவி மாதிரி ஒன்று விழுகிறது என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. 'நம் குற்றாலத்தையே ஒத்த பேரருவியில் ஒற்றன் நீராடும் காட்சி' என்று அச்சகத்தில் இருந்ததிலேயே பெரிய எழுத்தில் கோத்தேன்.

ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடு மாட்னிக்கு வந்து குவிந்தார்கள். மதுரைக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நீர் அவருக்கு அந்தப் பக்கம். முதல் ரீலிலிருந்து மணல். ஒட்டகம். ஒற்றன் தண்ணீருக்கு நாக்குத் தள்ளி நடக்கிறான். அரை மணி நேரம் பொறுத்தார்கள். அப்புறம் முன் வரிசையில் ஒருவன் அருவி எங்கலே என்றான். அதற்குப் பிறகு வசனம் யார் காதிலும் விழவில்லை. இடைவேளையில் நோட்டீஸைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தார்கள். மதுரைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவரிடம் நீட்டினீர். மணல், ஒட்டகம் எல்லாம் சரியாக இருந்த கதைச் சுருக்கம், உம்முடைய கையெழுத்தில்.

"நா அப்பமே சொன்னேன் சார், இவரு கேக்கல" என்றீர்.

நான் மறுத்துப் பேசாமல் குனிந்து நோட்டீஸ்களைப் பொறுக்கினேன். அதுதான் என் தப்பு, வேறு எதுவும் இல்லை. நீர் அந்த மாதமே அந்த வேலைக்கு மதுரைக்குப் போய்விட்டீர். நான் இங்கேயே கிடந்தேன். மணலில் அருவி விழுதா வே என்று தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் தவிர வேறு எதையும் என்னை நம்பி யாரும் எழுதச் சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தீர். அதற்குள் அச்சகம் என் கைக்கு வந்திருந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் ஒற்றன் படங்களைப் பற்றி எழுதிப் பேர் வாங்கியிருந்தீர். அந்தக் கிறுக்குப் படங்கள் நாலைப் பற்றியும் நாலு அத்தியாயம் எழுதி, புத்தகமாகப் போட வேண்டும் என்று என்னிடமே கொண்டுவந்தீர். ஒன்றுமே நடக்காத மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டீர். ப்ரூஃப் நீரே பாத்துரும் வே, எனக்குக் குத்தாலத்துல ஆளு காத்திருக்கு என்று சொல்லிவிட்டுப் போனீர்.

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. நீர் என்னைக் கவிழ்த்த அதே இல்லாத படத்தை உம்முடைய புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயமாகச் சேர்த்துவிடுவது. விஷயம் தெரிந்தவன் ஒருவன் படித்தாலும் போதும், ஆய்வாளர் பெயர் சந்தி சிரித்துப் போகும். மூன்று மத்தியானம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தாளில் எழுதவில்லை. எழுத்துப் பெட்டியின் அறைகளிலிருந்து ஈய எழுத்தை எடுத்து நேராக, வரி கோக்கிற ஸ்டிக்கில் கோத்தேன். நீர் சொன்னது பாதிக் கதைதானே, மீதியை நான் உண்டாக்க வேண்டியிருந்தது. ஒற்றன் யாரைக் கொல்ல வந்தானோ அந்த மனிதனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே தினமும் ஒற்றனுக்கு முதுகு தேய்த்துவிடுகிறான். ஒருநாள் தலைமையகத்திலிருந்து தந்தி வருகிறது, ஏன் தாமதம், உடனே முடி என்று. ஒற்றனுக்கு அதற்குள் எழுத்துகளும் மறந்துபோயிருக்கின்றன. தந்தியை அந்த மனிதனிடமே கொடுத்து வாசிக்கச் சொல்கிறான். அவன் வாசிக்கிறான்: ஊரில் எல்லாரும் சுகம், மெதுவாக வா.

பழிவாங்க உட்கார்ந்தவன், அந்த வரியைக் கோத்ததும் மூன்று தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட்டுவிட்டேன்.

நான் நினைத்தது நடக்கவில்லை. அந்தக் காலத்தில் யார் போய்ச் சரிபார்ப்பது? வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு போஸ்ட் மாஸ்டர், அந்தப் படத்தைத் தான் பம்பாயில் பார்த்ததாகவும் தந்திக் காட்சியில் அழுததாகவும் எழுதினார். திருவேங்கடத்துக் கரிசல்காட்டு ஆள் ஒருவர், அந்த அருவி எந்த நாட்டில் இருக்கிறது என்று பதில் கார்டோடு கேட்டிருந்தார். திருநெல்வேலியில் கூட்டம் போட்டு உம்மைப் பேசச் சொன்னார்கள், ஐந்தாம் அத்தியாயத்தைப் பற்றி மட்டும். நீர் அச்சகத்துக்கு வந்தபோது சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றேன்.

"அஞ்சாவது நல்லா வந்திருக்கு வே" என்றீர். டீயை ஆற்றிக் குடித்தீர். "கதை என்னது, தமிழ் உம்மது. முன்னமாதிரித்தான."

என் பழியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டீர். அதற்கப்புறம் மேடைக்கு மேடை அந்தத் தந்தியை வாசித்தீர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எழுதினது நான் என்று சொன்னால், அச்சுக்குக் கொடுத்த புத்தகத்தில் கைவைத்த துரோகி என்றுதான் ஊர் பேசும். அது உமக்கு நன்றாகத் தெரியும். ஜனங்கள் கைதட்டும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டுவீர். நீர் படுக்கையில் விழுந்ததாகக் கேள்விப்பட்டபோது நான் பார்க்க வரவில்லை, அதற்காக இன்றுவரை வருத்தமும் இல்லை.

போன வாரம் உம்முடைய மகன் வந்தான். பழைய புத்தகத்தை அப்பா நினைவாக மறுபடி போட வேண்டுமாம். ஊரில் மிச்சம் இருக்கும் பிரதி இது ஒன்றுதான் சித்தப்பா என்று பத்திரமாகத் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண்ணிடம் நாலு அத்தியாயத்தை மட்டும் கொடுத்தேன். நேற்று ப்ரூஃப் பார்க்க வந்தவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அஞ்சாவது எங்க சித்தப்பா? அதத்தான எல்லாரும் கேப்பாவ. அந்தத் தந்தி வாசிக்குத எடத்தச் சொல்லும்போது அப்பாவே அழுவாவ."

"அப்படி ஒரு படமே கெடயாது தம்பி" என்றேன்.

சிரித்தான். போனில் தேடினான். அந்த வரிசையில் வந்த எல்லாப் படங்களும் பட்டியலாக வந்தன. விரலால் மேலே தள்ளினான், கீழே தள்ளினான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அப்பா பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாரே, எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார் என்று தனக்குள் முணுமுணுத்தான். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. உம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, அத்தனை வருஷத்தில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை.

"அப்பம் இத எழுதுனது யாரு சித்தப்பா?"

இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இத்தனை காலமும் காத்துக் கிடந்தேன். நான் என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் நீர் தப்பித்துவிடுவீர். பாவம் அப்பா, அச்சுக்காரன் செய்த சூதில் மாட்டிக்கொண்டார், என்ன செய்வார் என்று அந்தப் பையன் உமக்காக அழுவான்.

"ஒங்க அப்பாதான், வேற யாரு?" என்றேன்.

அவன் அந்தப் பக்கங்களைப் பழைய புத்தகத்திலிருந்து தானே கிழித்தான். இது வேண்டாம் சித்தப்பா, நாலோடயே இருக்கட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். நான் அவற்றைக் கழிவுத் தாளோடு சேர்த்துக் கட்டி எடைக்கு அனுப்பிவிட்டேன்.

கையெழுத்துப் பிரதி கிடையாது, கோத்த எழுத்தும் கிடையாது. ஆனாலும் ஒரு வரி விடாமல் எனக்கு மனப்பாடம். இன்றைக்கு மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்தாவது எங்கே என்று தேடுகிற எல்லாரும் இனி உம்மைப் பொய்யர் என்பார்கள், அதை எழுதினது நான் என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் என் வாயால் நானே செய்தது. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.