டெலேனி தட்டச்சு செய்த என் சொந்த விருப்பம்

ஏப்ரல் 14, செவ்வாய்

காபியும் கையுமாகப் பத்திரிகையைப் பிரித்தால் மூன்றாம் பக்கத்தில் நான். ஆர்லன் மினசோட்டாவின் ஆளுநரானால், அவன் மனைவி டாக்டர் சிக்ரிட் ரோன்னிங் தன்னுடைய கால்நடை மருத்துவமனையை விற்றுவிட்டுத் தலைநகர் செயின்ட் பாலுக்குக் குடிபோகிறாராம். ‘இது முழுக்க முழுக்க அவருடைய சொந்த விருப்பம்’ என்று வேட்பாளர் கூறினார்.

அடேயப்பா! இப்படி ஒரு விருப்பம் எனக்கு இருப்பது எனக்கே இன்று காலைதான் தெரியும்.

வேட்பாளர் வடக்கே எங்கோ ஒரு தேவாலயத்துப் பான்கேக் விருந்தில் இருந்தார். போனில் பிடித்தேன்.

“என்ன ஆர்லன், நான் வேலையை விடறேனாமே? எப்பலேர்ந்து?”

“டெலேனிதான் அப்படிச் சொல்லச் சொன்னா. சும்மா ஒரு பேச்சுக்கு. வந்து பேசலாம் சிக்ரிட், இங்க பின்னாடி நாப்பது பேர் நிக்கறாங்க.”

இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு தொட்டியாக நான் கட்டின இடம் அது. பேச்சுக்கு விற்றுவிட்டான்.

ஏப்ரல் 15, புதன்

மருத்துவமனையை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பால்பண்ணை வெண்டெல் மட்டும் விலை கேட்கவில்லை. “அப்ப என் மாட்டுக்கெல்லாம் யாரு டாக்டரம்மா?” என்றான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

டெலேனி வந்திருந்தாள். ஆர்லனின் தேர்தல் வேலை முழுவதும் இந்த இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் கையில். இடுப்பில் பேஜர், கையில் நான்கு பக்கத் தட்டச்சு.

“மேடம், இது கட்சி மாநாட்டுல உங்க பேச்சு.”

“நான் இன்னும் பேசவே இல்லையேம்மா?”

இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: ‘முழு மனதோடு, என் சொந்த விருப்பத்தின் பேரில், என் தொழிலைத் துறக்கிறேன்.’ முழு மனசு ரொம்ப அதிகம், முக்கால் மனசு என்று போடலாமா என்று கேட்டேன். ஓரத்தில் குறித்துக்கொண்டாள். கருத்துக்கணிப்பில் கேட்டுப் பார்க்கிறாளாம்!

“ஏன் நான் வேலையை விடணும்? அதச் சொல்லு மொதல்ல.”

“நீங்க வேலையை விட்டா கிராமத்து ஓட்டு வரும் மேடம். விடலேன்னா நகரத்துப் பெண்கள் ஓட்டு வரும். அதனால நீங்க விடறீங்க. ஆனா உங்க சொந்த விருப்பத்துல விடறீங்க. ரெண்டும் வந்துரும்.”

அவள் போனபின்பு பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் ஒருத்திதான் அதில் இல்லை.

ஏப்ரல் 22, புதன்

ஆர்லனோடு சண்டை. சண்டைகூட இல்லை. நான் கத்தினேன், அவன் தலையாட்டினான். “மாநாடு முடியட்டும் சிக்ரிட், எல்லாத்தையும் பாத்துக்கலாம்.” எத பாத்துக்கறது? மேடையில ஆயிரம் பேர் முன்னாடி விடறேன்னு சொல்லிட்டு, அப்புறம் எத பாத்துக்கறது? இவனுக்கு என்ன மண்டையில களிமண்ணா? சாலை, பள்ளிக்கூடம், ஏரித் தண்ணீர் என்று ஊரான் ஊரானிடமெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

இதில் எரிச்சல் என்னவென்றால், இவன் நல்ல ஆளுநராக வருவான். சத்தியமாக வருவான்.

மே 6, புதன்

கட்சியிலிருந்து கடிதம். எங்கள் மாவட்டத்தின் முதல் மாற்றுப் பிரதிநிதி நான்தானாம். சுத்தமாக மறந்தே போயிருந்தேன். மார்ச்சில் பள்ளி நூலகத்தில் நடந்த கூட்டத்துக்கு மொத்தம் பதினோரு பேர் வந்தோம். மாற்றுப் பிரதிநிதிக்கு ஆள் கிடைக்காமல் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. எனக்கு ஒரு சினைப்பசு காத்திருந்தது. சீக்கிரம் கிளம்பலாமே என்று கையைத் தூக்கிவிட்டேன்.

மாநாட்டில் எங்கள் மாவட்டத்துப் பிரதிநிதி யாராவது பாதியில் எழுந்து போனால், அந்த நாற்காலியும் ஓட்டும் எனக்கு. டெலேனிக்கு ஒரே குஷி. “நம்ம ஓட்டு இன்னொண்ணு மேடம்!” என்றாள்.

நம்ம ஓட்டாம்.

ஜூன் 5, வெள்ளி. ராச்செஸ்டர்

மாநாட்டின் முதல் நாள். வேட்பாளர்களின் மனைவிகளுக்குத் தனியாக மதிய விருந்து. கோழிக்கறி சாலட், எலுமிச்சை பார் என்று ஒரு இனிப்பு. என் சட்டையில் ஒரு அட்டையைக் குத்தினார்கள்: ‘ஆர்லன் ரோன்னிங்கின் மனைவி.’ பெயர் கிடையாது. பக்கத்தில் இருந்தவளின் அட்டையிலும் அப்படித்தான், புருஷன் பெயர் மட்டும் வேறு. ஆர்லனின் ஒரே பெரிய போட்டியாளர் டுவெய்ன் பெக்கர். இவள் அவன் மனைவி லொரெட்டா. எந்தப் புகைப்படத்திலும் ஒரே சிரிப்போடு இருப்பவள்.

“நாளைக்கு நீங்க வேலையை விடறீங்களாமே?” என்றாள்.

“பத்திரிகைல அப்படித்தான் போட்டிருக்கு.”

“நான் பத்து வருஷம் முன்னாடியே விட்டேன். சின்ன விமானம் ஓட்டி வயலுக்கு மருந்து அடிச்சிட்டிருந்தேன்.”

“நிஜமாவா! ஏன் விட்டீங்க?”

“சொந்த விருப்பம்தான்,” என்றாள் அதே சிரிப்போடு. “மூணு பேர் உக்காந்து எழுதிக் குடுத்தாங்க.”

சிரித்துச் சிரித்து எனக்கு எலுமிச்சை பார் புரையேறிவிட்டது. முதுகில் தட்டியவளும் அவள்தான். அப்போது மெதுவாகச் சொன்னாள்: “நான் சொல்றதுக்கு நீ சிரிக்கலாம். ஆனா நாளைக்கு மைக் முன்னாடி ஒரு தடவ சொல்லிட்டேன்னு வை, அப்புறம் அது உன் வாயால வந்ததாயிடும். திருப்பி எடுக்கவே முடியாது.”

அதன்பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6, சனி. அரங்கம், மதியம்

நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகள். ஆளுநர் வேட்பாளராகக் கட்சியின் ஆதரவு கிடைக்க நூற்றுக்கு அறுபது வேண்டும், அதாவது எழுநூற்று இருபது. நான்கு சுற்று ஓட்டெடுத்தாகிவிட்டது, ஆர்லன் முன்னால், ஆனால் எட்டவில்லை. முடிவு தெரிந்தபிறகுதான் மனைவிமார் பேச்சு. நல்லவேளை.

எங்கள் மாவட்டப் பிரதிநிதிகளில் ஒருவனான வெண்டெல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். “மூணு மணி நேரம் வண்டி ஓட்டணும் டாக்டரம்மா. மாட்டுக்கு என்ன அரசியல் தெரியும்? மடி கனத்தா கத்தும்.” அவனுடைய பிரதிநிதி அட்டை இப்போது என் கழுத்தில். இதில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். சிக்ரிட் ரோன்னிங். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

ஜூன் 7, ஞாயிறு. வீடு

நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

ஐந்தாம் சுற்று. எங்கள் கட்சியில் ஓட்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கையெழுத்தும் போடவேண்டும், ஒளிவுமறைவே கிடையாது. சீட்டில் மூன்று கட்டம்: ரோன்னிங், பெக்கர், யாருக்கும் ஆதரவில்லை. மூன்றாவதில் குறி போட்டேன். அழகாகக் கையெழுத்தும் போட்டேன்.

ஆர்லனுக்கு எழுநூற்றுப் பதினேழு. மூன்று குறைவு.

டெலேனி ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. “மேடம், சீட்டுல தப்பா குறி விழுந்திருக்கு. பேனா சரியா எழுதலையா?”

“பேனா நல்லாத்தான் எழுதுது.”

விஷயம் அரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. பின்வரிசையில் சுரங்க ஊர்க்காரிகள் இருவர், அக்கா தங்கை, அவர்களும் அதே மூன்றாம் கட்டம். ஆர்லனின் ஆட்கள் போய்க் கெஞ்சியதற்கு அக்காக்காரி கையை விரித்தாளாம். “அவன் பொண்டாட்டியே போடல. அவளுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போகுது?”

டெலேனியிடம் சொன்னேன்: “முடிவு பண்ணாத பிரதிநிதிகிட்ட வேட்பாளர் நேர்ல வந்து அஞ்சு நிமிஷம் பேசணும்னு நீதானே விதி வெச்சிருக்க? நான் இன்னும் முடிவு பண்ணல. வரச்சொல்லு.”

“மேடம், அவர் உங்க வீட்டுக்காரர்!”

“அதனால வரிசைல முன்னாடி விடச் சொல்லி நான் கேக்கலம்மா. காத்திருக்கேன்.”

சோளப்பொரிக் கடைக்குப் பக்கத்தில் இரண்டு மடக்கு நாற்காலி. ஆர்லன் வந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

“என்ன சிக்ரிட் இது? எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். உக்காருங்க வேட்பாளரே. கிராமத்துல கால்நடை மருத்துவர் பத்தலியே, அதுக்கு என்ன செய்யப்போறீங்க?”

கோபத்தில் கிளம்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தான். முதலில் முறைத்துக்கொண்டே பேசினான், அப்புறம் முறைப்பதையே மறந்துவிட்டான். படிப்புக் கடன் தள்ளுபடி, கல்லூரியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இடம், எந்தெந்த மாவட்டத்தில் எத்தனை பண்ணைக்கு ஒரு மருத்துவர் என்பதுவரை எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தான். நான் எத்தனையோ சாயங்காலம் புலம்பித் தள்ளியதை இந்த மனுஷன் கேட்டுத்தான் இருந்திருக்கிறான்! வியப்பைக் காட்டிக்கொள்ளவில்லை.

“சரி. நீங்க ஜெயிச்சா உங்க மனைவி என்ன செய்யறதா இருக்காங்க?”

“தெரியல,” என்றான்.

“கேட்டீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“கேட்டா மாட்டேன்னுடுவியோன்னு பயமா இருந்துது.” அதை அவன் வேட்பாளர் குரலில் சொல்லவில்லை.

“இப்பக் கேளு.”

“செயின்ட் பாலுக்கு என்கூட வரியா சிக்ரிட்? ஆஸ்பத்திரிய விட்டுட்டு?”

“மாட்டேன்.”

தலையைக் குனிந்துகொண்டான். டெலேனி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள், இன்னும் ஒரு நிமிஷம்.

“அப்ப... ஓட்டும் இல்லையா?”

“ஏன் இல்ல? அது வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டது நீங்கதான், நான் இல்ல. பத்திரிகைல சொன்னத நீயே மேடை ஏறித் திருத்து. என் ஓட்டு உனக்குத்தான்.”

“ஓட்டெடுப்பு முடிஞ்சதும் சொல்லிடறேன்.”

“முன்னாடி.”

“முன்னாடி சொன்னா தோத்துருவேன் சிக்ரிட்!”

“தோக்கலாம்,” என்றேன். பதினாறு வருஷம் இதற்காக உழைத்தவன். அவன் தோற்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆறாம் சுற்றுக்கு முன் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிமிஷம். டெலேனி எழுதித் தந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஆர்லன் மைக்கைப் பிடித்தான். “என் மனைவி தொழிலை விடறாங்கன்னு பத்திரிகைக்குச் சொன்னேன். அவங்க விருப்பம்னும் சொன்னேன். நான் அவங்களக் கேக்கவே இல்ல. இப்ப அந்தப் பொரிக் கடைகிட்ட வெச்சுக் கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க. நான் சொன்னது பொய். மன்னிச்சுக்குங்க.”

யாரோ ஒருவர் ‘சே’ என்றது தெளிவாகக் கேட்டது. அப்புறம் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது. திரும்பிப் பார்த்தேன். லொரெட்டா! டுவெய்ன் பெக்கர் அவள் முழங்கையைப் பிடித்து இழுக்கிறான், அவள் எழுந்து நின்று தட்டுகிறாள். அப்புறம்தான் மற்றவர்களும் தட்டினார்கள். எல்லாரும் இல்லை.

சீட்டை எழுதிப் போட்டேன். இந்த முறை முதல் கட்டம்.

பதினோரு ஓட்டு அவனை விட்டுப் போனது. பதினெட்டு வந்தது. எழுநூற்று இருபத்துநான்கு. சுரங்க ஊர் அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது, “நல்லா காய்ச்சி எடுத்துட்ட,” என்று தோளில் குத்தினாள். இன்னும் வலிக்கிறது.

பிறகு என் பேச்சு. டெலேனி பழைய நான்கு பக்கத்தையே நீட்டினாள், அவளிடம் வேறு இல்லையே பாவம். அது இல்லாமலே மேடை ஏறினேன். “நான் சிக்ரிட், மாட்டு டாக்டர். இந்தாளுக்கு நான் ஓட்டுப் போட்டேன், நீங்களும் போடுங்க.” அவ்வளவுதான்.

ஜூன் 9, செவ்வாய்

‘கணவரை மண்டியிட வைத்த மனைவி’ என்று பத்திரிகையில் தலைப்பு. இரண்டு பேரும் உட்கார்ந்துதானே இருந்தோம்?

செப்டம்பர் 2, புதன்

கருத்துக்கணிப்பில் ஆறு புள்ளி பின்தங்கியிருக்கிறான். அதற்கு நான் காரணமாம். ஆர்லன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் என்னை அரிக்கிறது. கேட்டே விட்டேன்: “வருத்தமா இருக்கா?”

“இருக்கு,” என்றான். “ஆனா நீ மாறணும்னு இல்ல.”

பொய் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டான். சில சமயம் அதுவும் வலிக்கிறது.

நவம்பர் 4, புதன்

ஜெயித்துவிட்டான். மயிரிழையில். நானும் அழுதேன், டெலேனியும் அழுதாள், யார் தோளில் யார் என்று தெரியவில்லை.

ஜனவரி 4, திங்கள்

பதவியேற்பு. நீலக் கவுன். நான்கு மணி நேரம் சிரித்துத் தாடை வலி. மாலையே வீடு திரும்பினேன். அவன் அங்கே, நான் இங்கே. வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

ஜனவரி 16, சனி

ஆர்லன் நேற்று மாலை வந்தான், வெள்ளிதோறும் வருவதாகப் பேச்சு. காலை உணவின்போது ஓர்வில் கிழவரிடமிருந்து போன்: பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கிறது. நான் பூட்ஸ் மாட்டும்போது, “நானும் வரட்டுமா?” என்றான். வா என்றேன்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. கூட வந்த காவலர் காரைவிட்டு இறங்கவில்லை. ஓர்வில் தொழுவத்தில் வானொலிகூடக் கிடையாது, எந்தக் கட்சிக்கும் ஓட்டே போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆள். நான் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்ப, கயிற்றைப் பிடித்து ஆர்லன் இழுத்தான். இழு என்றால் இழுத்தான். நிறுத்து என்றால் நிறுத்தினான். முக்கால் மணி நேரத்தில் கன்று வைக்கோலில் விழுந்து தும்மியது.

ஓர்வில் ஆர்லனை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆள் புதுசா டாக்டரம்மா? உதவிக்கு வெச்சிருக்கீங்களா?”

“ஆமா. சனி, ஞாயிறு மட்டும்.”

“கையில வேகம் பத்தாது,” என்றார் கிழவர். “ஆனா சொன்னா கேக்கறான்.”

ஆர்லன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். நான் கை கழுவப் போனேன்.