ஆடியில் கொடுத்த ஜாமீன்

ஆடி 12, திங்கள்

காலையில் தூறல். குடை கோர்ட்டிலேயே கிடக்கிறது. கிருத்திகைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. மலையடிவாரம் முழுக்க மொட்டைத் தலைகள், வாடிய பூ, ஈக்கள். யுத்தத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் இந்த வாரமும் வரவில்லை. வயிறு சரியில்லை, மோர் மட்டும்.

ரிமாண்டு ஒன்று. பெண் குழந்தையைக் கடத்தியதாக. கைதி முனிரத்தினம், ஐம்பது வயது, கனகம்மாசத்திரம் பக்கத்து விவசாயி. வெள்ளை வேட்டி, வெற்றிலை வாய், பயம் என்பதே இல்லை. புகார் கொடுத்தவள் நாகம்மா, விதவை. குழந்தை மங்கா, பதினொரு வயது. முனிரத்தினம் அவளுக்கு அத்தை புருஷன்.

எஸ்.ஐ. சொன்னதிலிருந்து: நாகம்மாவின் புருஷன் போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போனான். சாவதற்கு முன் நஞ்சை, கிணறு, மாந்தோப்பு எல்லாவற்றையும் மகள் பேரில் எழுதி, தாயைக் கார்டியனாக வைத்துவிட்டான். அவன் அக்காள் புருஷன் முனிரத்தினத்துக்கு அது பொறுக்கவில்லை. "என் மாமனார் சொத்து, எனக்கில்லாமல் யாருக்கு?" என்று சண்டை. பிறகு சண்டையை விட்டுப் பெண் கேட்டான், தன் மகனுக்கு. மகனுக்கு இருபத்திரண்டு. நாகம்மா முடியாது என்றாள்.

கிருத்திகையன்று மலையில், புருஷன் வேண்டுதலுக்காக நாகம்மா முடி கொடுக்க உட்கார்ந்தாள். அத்தைக்காரி, "நான் கொயந்தைக்குக் காவடி காட்டிட்டு வரேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அவ்வளவுதான். அத்தையும் இல்லை, குழந்தையும் இல்லை, அந்த மகனும் இல்லை. வீட்டில் கிடைத்தவன் முனிரத்தினம் மட்டும்.

நாகம்மா மொட்டைத் தலையோடு கூண்டருகே நின்றாள். அழவில்லை.

"பாவா பாவான்னு அக்கா புருஷன் மேல எங்க வூட்டுக்காரர் உசிர வெச்சிருந்தார்ங்க. நானும் அண்ணன்னுதான் கூப்புட்டுகினு இருந்தேன். எங்க வெச்சிகினு கீறார்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க சாமி."

முனிரத்தினத்தைக் கேட்டேன். "எனக்கு என்னங்க தெரியும்? நான் மலைக்கே போகலியே."

சப் ஜெயிலுக்கு அனுப்பினேன்.

ஆடி 14, புதன்

குரங்கு வந்து மேஜையிலிருந்த வெற்றிலையைத் தூக்கிப் போய்விட்டது. டவாலிச் சேவகன் துரத்திக்கொண்டு ஓடியதில் சாட்சிகள் எல்லாம் சிரித்தார்கள்.

எஸ்.ஐ. நகரி, புத்தூர் வரை ஆள் அனுப்பியிருக்கிறார். ஆள் என்றால் ஒரு கான்ஸ்டபிள், ஒரு சைக்கிள். தடயம் இல்லை. "அவனா வாய் திறந்தாத்தான் சார்."

மைனர் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் புருஷன்தான் கார்டியன். தாய்க்குப் பேச்சில்லை. பெண்ணோடு நிலமும் போகும். பதினாலு வயதுக்குள் கட்டி வைத்தால் தண்டனை உண்டு. ஆனால் கட்டிய தாலி செல்லும். மத்தியானம் முழுக்க இதே ஞாபகம். இரண்டு வழக்கில் சாட்சியின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி

அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம். எள் கிடைக்க அலைச்சல். கும்பகோணத்துக்குக் கடிதம் போட்டேன், என் மனைவி இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும் என்று.

குளக்கரையில் நாகம்மாவைப் பார்த்தேன். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கையால் உயரம் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள்.

ஆடி 19, திங்கள்

புழுக்கம். ஜாமீன் மனு.

சித்தூரிலிருந்து பெரிய வக்கீல் வந்திருந்தார். என் மாமனார் வயது. சுற்றி வளைக்கவில்லை. "என் கட்சிக்காரர் குடும்பத் தலைவர். வெளியில் வந்தால் உறவுக்காரர்களிடம் சொல்லி ஒரு வாரத்தில் குழந்தையைக் கோர்ட்டில் ஆஜர்படுத்துவார். உள்ளே இருந்தால் யார் தேடுவார்கள்? போலீசாரா?"

எஸ்.ஐ. தலையைக் குனிந்துகொண்டார்.

சொன்னதன் உள்ளர்த்தம் இதுதான்: விட்டால் பெண் கிடைப்பாள். விடாவிட்டால் கிடைக்க மாட்டாள்.

நாகம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, மனு சர்க்காருக்கு எதிராகத்தான். ஆனாலும் கேட்டேன்.

"உள்ளயே வெச்சிருங்க சாமி. வெளிய வந்தார்னா வேலைய முடிச்சிடுவார்."

"என்ன வேலை?"

"தாலிதான்."

"ஆடி மாதத்தில் யாரம்மா தாலி கட்டுவார்கள்? அதற்குள் குழந்தை வந்துவிடும்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "எசமான் சொன்னா சரிங்க" என்றாள்.

உத்தரவு நாளைக்கு.

ஆடி 20, செவ்வாய்

தூக்கமில்லை. காப்பி கசப்பு.

விடக்கூடாது என்பதற்கு: இவன்தான் செய்திருக்கிறான், சந்தேகமே இல்லை. சாட்சிகளை மிரட்டுவான்.

விடலாம் என்பதற்கு: குழந்தை எந்த வீட்டில், எந்த ஊரில் இருக்கிறாள் என்று இவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஜெயிலில் இவன் சுகமாகத் தின்று தூங்குகிறான். அங்கே அவள் யாரோடு இருக்கிறாள், அழுகிறாளா, சாப்பிட்டாளா. இவனை உள்ளே வைத்திருந்தால் மனசுக்குத் திருப்தி எனக்குத்தான்.

ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது.

ஜாமீன் கொடுத்தேன். இரண்டு பேர் ஜாமீன்தாரர். வரும் திங்கட்கிழமை மங்காவைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் ஜாமீன் ரத்து. முனிரத்தினம் பெரிய கும்பிடாகப் போட்டான். நாகம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனான்.

ஆடி 23, வெள்ளி

செருப்பு அறுந்தது. வேறொன்றும் இல்லை. ஒரு செய்தியும் இல்லை.

ஆடி 26, திங்கள்

கொண்டு வந்துவிட்டான். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில்.

மங்கா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பட்டுச் சேலை, காலில் தட்டித் தட்டி. முகமெல்லாம் மஞ்சள். கழுத்தில் மஞ்சள் கயிறு, இன்னும் ஈரம் காயாதது போல. பின்னால் அந்த மகன், தலையைச் சீவிக்கொண்டு.

"ஆடியிலா?" என்று மட்டும் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி.

வக்கீல் எழுந்தார். பரிகாசம் செய்யவில்லை, அது இன்னும் மோசம். "தெலுங்குக் குடும்பம், யுவர் ஹானர். இவர்களுக்கு மாதம் அமாவாசையோடு முடிகிறது. கல்யாணத்துக்கு ஆகாத ஆஷாடம் போய் சிராவணம் பிறந்து பத்து நாளாகிறது. வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம்."

வெள்ளிக்கிழமை. நான் விட்டு மூன்றாம் நாள்.

நாகம்மாவைப் பார்த்து, "உனக்குத் தெரியாதா அம்மா? அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"தெரியும்ங்க. எசமான் ஆடின்னு சொன்னீங்க. கோர்ட்டுக்குத் தனிக் கணக்கு கீது போலன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை.

குழந்தையை என் அறைக்கு அழைத்துக் கேட்டேன்.

"யார் உன்னைக் கூட்டிப் போனார்கள்?"

"அத்த."

"எங்கே இருந்தாய்?"

"ஒரு வூட்டுல. பேரு தெரியாது. மாடு நெறைய இருந்துச்சி."

"யாரோடு போக வேண்டும் உனக்கு?"

"அம்மாகிட்ட." உடனே கதவைப் பார்த்தாள், அத்தை கேட்டுவிட்டாளோ என்று.

வெளியே வந்தேன். வழக்கு முடியும்வரை பெண் தாயிடம் இருக்கட்டும், ஜாமீனை ரத்து செய்கிறேன், மேல்கோர்ட்டில் என்ன சொல்கிறார்களோ சொல்லட்டும் என்று எழுதத் தொடங்கினேன். பேனாவில் மை எடுத்தபோது நாகம்மா மேஜையருகே வந்தாள்.

"வேணாங்க."

"என்ன வேணாம்?"

"அவர உள்ள போட்டா வெளிய இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? இன்னிக்கு நான் கூட்டிகினு போவேன். நாளைக்கு ஆளுங்க வந்து இழுத்துகினு போவாங்க. நான் ஒண்டி. கயித்த அவுத்துட்டு அது இந்த ஊர்ல எப்பிடிங்க வாயும்?"

"நீ சாட்சி சொன்னால் தண்டனை கொடுக்கலாம்."

"சொல்ல மாட்டேங்க. எம்பொண்ணு அந்த வூட்ல சோறு துன்னணும்."

எஸ்.ஐ. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முனிரத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நாகம்மா அவனிடம் பேசவில்லை. என்னிடமே சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் எழுதுங்க எசமான். எங்க கெணறு படி வெச்ச கெணறு. அவங்க வூட்டுக் கெணத்துல படி இல்ல. கொயந்தைய தனியா தண்ணி சேந்த அனுப்ப வேணாம்னு எழுதிக் குடுங்க."

கோர்ட்டில் எழுதுகிற விஷயமில்லை. எழுதினேன். ஜாமீன் தொடரும், நிபந்தனையாக இது. வக்கீல் வாங்கிப் படித்துவிட்டு ஆட்சேபம் இல்லை என்றார். முனிரத்தினத்துக்குத் தெலுங்கில் படித்துக் காட்டினார்.

"ஆங், சரிங்க" என்றான்.

மங்கா போகும்போது தாயின் மொட்டைத் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். கோயிலில் பிரிந்தபின் இப்போதுதான் பார்க்கிறாள். அத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

ஆடி 27, செவ்வாய்

மழை. ஜாமீன் மனுக்கள் நான்கு. நான்கையும் தள்ளினேன். காரணம் எழுதியிருக்கிறேன். காரணம் அதுவல்ல.

ஆவணி 13, வெள்ளி

திருவள்ளூருக்கு பஸ். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற வண்டி, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. கனகம்மாசத்திரம் தாண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறினான். எல்லோரும் இறங்கி நின்றோம். சாலையை ஒட்டி நடவு. பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்திக்குத் தலையில் அரை விரல் முடி.

அவளும் பார்த்துவிட்டாள். சேற்றுக் கையோடு வரப்புக்கு வந்து கும்பிட்டாள்.

"யார் நிலம் அம்மா இது?"

"எங்க நெலந்தாங்க. இப்ப அண்ணன் பாத்துகினு கீறார்."

"நீ?"

"கூலிக்கு வந்துகினு கீறேங்க. வூட்டாண்ட வந்து நிக்கக்கூடாது, வேலைக்கு வந்தா பாத்துக்கோன்னார். மத்தியானத்துல கொயந்தைதாங்க கஞ்சி எடுத்துகினு வரும்."

எதையாவது சொல்ல நினைத்தேன். அப்பீல் என்று சொல்லலாம். சித்தூர் ஜில்லா கோர்ட் என்று சொல்லலாம். "சௌக்கியமாக இருக்கிறாளா?" என்றேன்.

"பேசறதில்லைங்க. நாலு பேர் எதிர்ல பேசக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. கஞ்சி ஊத்தும். நான் கைய நீட்டி வாங்கிக்குவேன்."

டிரைவர் கூப்பிட்டான். வண்டி கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். நடுகிற பெண்கள் எல்லோரும் சாலைப் பக்கம் குனிந்திருந்தார்கள். நாகம்மா ஒருத்தி மட்டும் கஞ்சி வருகிற வழியில், வீடுகள் இருக்கிற பக்கம் திரும்பி நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பிலிருந்து யாரோ அதட்டுவது கேட்டது: "வரிசையில நில்லுமே."