காற்று தூக்கிய கொட்டகை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். புறப்படும் முன் நீங்கள் போட்டுவிட்டுப் போன பின்பக்கத் தகரக் கொட்டகையைப் போன வாரம் காற்று தூக்கப் பார்த்தது. சாயவில்லை, இரும்புக் கால் ஒன்று குழியைவிட்டு அப்படியே மேலே எழும்பியது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். என் கனம் போதவில்லை. நீங்கள் போனதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாத உங்கள் அம்மா, மறுபக்கம் வந்து அதே காலைக் கட்டிக்கொண்டார்.

"விட்டுடாதடி!" என்றார்.

காற்று அடங்கும்வரை இருவர் கன்னங்களும் அந்த இரும்பில்தான் இருந்தன.

மறுநாள் கொத்தனார் குழியை ஆழமாக்கி, அடியில் அகலமாகத் தோண்டினார். காலின் அடிநுனியில் குறுக்குக் கம்பி பற்றவைத்துக் கான்கிரீட் போட்டார். "கூரையைக் காத்து மேல இழுக்கும்மா. அடி அகலமா இருந்தாத்தான் மண்ணு பிடிச்சு வைக்கும்," என்றார். இனி அசையாது.

இப்போது அத்தையும் நானும் சேர்ந்தே சாப்பிடுகிறோம். நேற்று என்னை அறியாமல் மூன்று தட்டு வைத்துவிட்டேன். எடுக்கப் போனேன், அத்தை விடவில்லை.

"வரச் சொல்லி எழுதாதே. பாவம், தவிச்சுப் போயிடுவான்," என்கிறார்.

அதனால் எழுதவில்லை.

கொட்டகை நிழலிலிருந்து,
உங்கள் மனைவி