குளியல் தொட்டியில் ஓர் ஆடு

அன்பு மகள் முய்ரனுக்கு, கை ஒடிந்த அம்மாவின் உத்தரவுப்படி அவள் நாற்காலியில் உட்கார்ந்து உன் தம்பி ஃபியக்ரா எழுதுவது.

இதனால் கடல் கடந்த பெர்த் நகரவாசிகள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுப் பழுப்புக் குப்பைத்தொட்டியின் இடது சக்கரம் சென்ற செவ்வாய்க்கிழமை காலை இயற்கை எய்தியது. அதை ரோட்டுவரை இழுத்துப்போன அம்மா தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுக்கு வெளியே இருக்கிற அம்மாவும், அப்பா, நான், நாய் எல்லோரும் சுகம். நீயும் அங்கே வெயிலில் வறுபடாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். ஃபோனில் பேசிக்கொள்ளேன் என்றால், "பெத்த பொண்ணைக் கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சு என்னால பேச முடியாதுடா, நீ எழுது, டீத்தூளோட சேத்து அனுப்பலாம், புத்திமதி எல்லாம் மறக்காம போடு" என்கிறாள். ஆகவே மகளே, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே, நீ படம் அனுப்பினாயே, அந்த மீசைக்காரனுக்குக் கடன் கொடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனதாகப் பொய்யாவது சொல். அப்பாவின் கிடாரி ஒன்று கன்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கீயோன் வேலியை இன்னும் கட்டவில்லை, அவருடைய செம்மறிகள் நம் முட்டைக்கோஸைத் தின்றுவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் போகின்றன.

இனி என் சங்கதி. நான் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகப் போகிறேன் என்று சொன்னதும் அப்பா டீயைத் துப்பினார், நீயாவது சிரிக்காதே. அந்தப் படிப்பில் சேர ஐரிஷ் மேல்நிலைத் தாளில் நல்ல மார்க் வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது ஈஸ்டர் சமயத்தில் எதிரே உட்கார்ந்து வாயால் பேசி வாங்க வேண்டியது. வாய்க்கு எனக்கு என்ன குறைச்சல் என்றுதான் நீ நினைப்பாய். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்க்குத் தடை போட்டுவிட்டார்கள் அக்கா. காலையில் எல்லோருடைய ஃபோனையும் பையில் போட்டுப் பூட்டுவார்கள், ஐரிஷ் வகுப்பு வந்ததும் அவர்களே திறந்து கையில் கொடுப்பார்கள். ஆளுக்கொரு ஃபோன், காதில் ஒரு மாட்டல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முப்பத்தைந்து நிமிஷம். கைபேசி என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், கைதான் பேசுகிறது, வாய் பேசுவதில்லை. பள்ளிக்கு வந்த மடிக்கணினிகளோ மடியிலேயே தூங்குகின்றன. பாவம் எங்கள் ஓ கிரீஃபா சார், பாடம் நடத்த வந்த மனிதர், சார்ஜர் வயரைத் தேடி மேசைக்கு அடியில் தவழ்கிறார். ஃபோனில் இருக்கிற ஐரிஷ் செயலியில் ஒரு வாக்கியத்தைச் சொன்னால் பச்சை நட்சத்திரம் விழும். வீட்டில் நான் முயற்சி செய்தபோது அப்பா தும்மினார், அவருக்கு மூன்று நட்சத்திரம். எனக்கு ஒன்று. இந்தச் சனியனை எவன் கண்டுபிடித்தானோ, அவன் தன் பெண்டாட்டியிடமும் பட்டனை அழுத்தித்தான் பேசுவான் போல. தலைமையாசிரியை டூஹி அம்மையார் மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க பசங்க இப்ப ஐரிஷ்ல பொளந்து கட்டறாங்க" என்று பீற்றிக்கொள்கிறார்.

பொறுப்பேனா நான். பேச்சுத் தேர்வுக்கான மாதிரிப் பதில்களை எல்லோரும் திறக்கிற பொதுப் பக்கம் ஒன்றில் சார் போட்டு வைத்திருந்தார், திறக்கிறவன் எவனும் திருத்தவும் செய்யலாம் என்பதை அவர் கவனிக்கவில்லை. "என் குடும்பம்" என்ற பதிலின் நடுவில் நான் நாலு வரியைச் செருகினேன்: எங்கள் வீட்டில் ஓர் ஆடு உண்டு, அது குளியல் தொட்டியில் தூங்கும், அப்பாவுக்கு அதன்மேல் உயிர், அம்மாவுக்கு அதனால் பொறாமை. ஒரு வாரம் காத்திருந்தேன். ஒருத்தராவது கேட்கவேண்டுமே! அத்தனை பேரும் பச்சை நட்சத்திரம் வாங்கிக்கொண்டு ஆட்டை மனப்பாடம் செய்தார்கள். மாதிரித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து மிஸ் டெவனி வந்தார். முதலில் போன டாராவின் வீட்டுத் தொட்டியில் ஆடு. அடுத்தவன் வீட்டிலும் ஆடு. கிளோடாவின் முறை வந்தபோது அவர் பேனாவை வைத்துவிட்டு, உங்கள் வீட்டிலும் எதற்கம்மா ஆடு குளியல் தொட்டியில் என்று ஐரிஷில் கேட்டிருக்கிறார். கிளோடா கண் இமைக்காமல் அடுத்த வரியை ஒப்பித்தாளாம்: எனக்கு மிகவும் பிடித்த பாடம் அறிவியல். வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்கு மிஸ் டெவனி சிரித்த சிரிப்பு கேட்டது, அதன்பின் டூஹி அம்மையாரின் குதிகால் செருப்புச் சத்தம் வந்தது. பொதுப் பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள், ஆடு என் வேலை என்று தெரிந்ததும் இருபத்துமூன்று பேரில் நான்தான் ஐரிஷின் மானம் காத்த மாவீரன் என்று டாரா பஸ்ஸில் பிரகடனம் செய்தான், நானும் மறுக்கவில்லை.

மறுத்திருக்கவேண்டும் அக்கா. அன்று தேர்வுக்குக் கடைசியாக உள்ளே போனவன் நான். மிஸ் டெவனி கோபப்படவே இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ நீளமாகக் கேட்டார், ஆடு என்ற ஒரு சொல் மட்டும்தான் எனக்குப் புரிந்தது. ஆடு தொட்டியில் தூங்கும் என்றேன். இன்னொரு முறை மெதுவாகக் கேட்டார். அப்பாவுக்கு உயிர் என்றேன். அதன் பெயர் என்ன, அவ்வளவுதான் அவர் கேட்டது என்று சார் பிறகு சொன்னார். அந்த நாலு வரியும் என்னுடையதில்லை, நான் ஆங்கிலத்தில் அடித்தேன், இந்தச் சனியன் பிடித்த ஃபோன்தான் ஐரிஷ் ஆக்கிக்கொடுத்தது. மாவீரனுக்கு வகுப்பிலேயே கடைசி மார்க். "ஈஸ்டருக்குள்ள நாலு வார்த்தை சொந்தமா பேசலன்னா உன்னைக் கீழ்நிலைத் தாளுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லடா" என்று சார் தலைகுனிந்து சொன்னபோது எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. நீ மூன்று கோடை, ஐரிஷே பேச்சுமொழியான கெய்ல்டக்ட் பகுதியில் தங்கி, ஆங்கிலம் பேசினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தூக்கத்தில்கூட ஐரிஷில் உளறியவள். வாரம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு ஐரிஷில் மட்டும் பேசு, நான் திணறினாலும் ஆங்கிலத்துக்கு இறங்காதே, எவ்வளவு திட்டினாலும் சரி. ஆமாம், ஃபோனில்தான். சிரித்து முடித்துவிட்டுக் கூப்பிடு.

அம்மாவின் ஆசீர்வாதம், அப்பாவின் முத்தம். சூரியக் களிம்பைக் காதிலும் தடவச் சொன்னாள்.

இப்படிக்கு,
அம்மாவுக்காக,
ஃபியக்ரா